பழைய சென்ட்ஓஎஸ் 6 சர்வரில் சாதாரண யூசர் ரூட் ஆகிவிடாமல் தடுப்பது எப்படி?

கேள்வி இது: ஒரு மில் அலுவலகத்தில் 2013-ல் நிறுவிய சென்ட்ஓஎஸ் 6 சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரக்கிருப்பு, பில், சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான். மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். புதிய லினக்ஸில் அது ஏறவும் மாட்டேன் என்கிறது. இருபது பேர் எஸ்எஸ்எச் வழியாக லாகின் செய்து வேலை பார்க்கிறார்கள். மாற்ற இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை, இந்த இருபது பேரில் ஒருவருடைய பாஸ்வேர்டு வெளியே போனாலும் அதை வைத்து எவரும் ரூட் (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆகிவிடக் கூடாது. ப்ரிவிலேஜ் எஸ்கலேஷன் என்கிறார்களே, அதை இவ்வளவு பழைய சர்வரில் எந்த அளவுக்குத் தடுக்கலாம்?

நிறையவே தடுக்கலாம். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். 2020 நவம்பர் 30-உடன் சென்ட்ஓஎஸ் 6-க்கு பேட்ச் வருவது நின்றுவிட்டது, இனி எக்ஸ்ப்ளாய்ட் (பிழையைப் பயன்படுத்தி ஏறும் நிரல்) வைத்திருப்பவன் ஏறிவிடுவான் என்று. பயம் நியாயமானது. ஆனால் நான் கைவைத்துப் பார்த்த பழைய சர்வர்களில், ரூட் வரை போகும் ஏணி பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்களே சாத்தி வைத்ததாக இருந்தது. அவசரத்துக்கு 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) போட்ட ஒரு டைரக்டரி, "அப்புறம் எடுத்துவிடலாம்" என்று கொடுத்த ஒரு சூடோ (ரூட் அதிகாரத்தில் கமாண்ட் ஓட்டும் வழி) வரி, எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு. இவற்றை எடுக்க எந்த பேட்சும் வேண்டாம். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன், கெர்னலுக்குப் பிறகு வருகிறேன்.

தொடங்கும் முன் சர்வரின் முழு டிஸ்க்கையும் நகலெடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் முதலில் அந்த நகலில் செய்து, பில் போட்டுப் பார்த்து, பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நிஜ சர்வரைத் தொட வேண்டும். எழுதியவர் இல்லாத மென்பொருள் எதை நம்பி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கிரான், குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் வசதி. ரூட் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுங்கள்: ரூட்டின் சொந்த கிரான்டேப், எட்சி டைரக்டரிக்குள் இருக்கும் கிரான் கோப்புகள், ஆர்சி லோக்கல், இனிட் ஸ்கிரிப்டுகள். அவை கூப்பிடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் உரிமையாளர் யார், எழுத அனுமதி யாருக்கு என்று பாருங்கள். இங்கேதான் ஒரு சறுக்கல் நடக்கிறது, நான் நேரில் பார்த்தது. ஒரு அலுவலகத்தில் இரவு 2 மணிக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடும். அதன் உரிமையாளர் ரூட், அனுமதி 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்). அங்கிருந்த நிர்வாகி அதைக் காட்டி "வேறு யாரும் இதில் எழுத முடியாது" என்றார். ஸ்கிரிப்ட் இருந்த டைரக்டரியைப் பார்த்தேன். மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை அங்கே எழுதும் என்பதற்காக, ஆபரேட்டர் குழுவும் எழுதலாம் என்று 775 கொடுத்து வைத்திருந்தார்கள்.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரை மாற்றவும் அழிக்கவும் அந்தக் கோப்பின் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் டைரக்டரியில் எழுத அனுமதி இருந்தால் போதும். பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் லாகினை அவர் அனுமதியோடு எடுத்துக்கொண்டோம். ரூட்டின் ஸ்கிரிப்டை வேறு பெயருக்கு மாற்றினேன், அதே பெயரில் ஒரே வரி கொண்ட புதிய கோப்பை வைத்தேன்: ஐடி கமாண்டை ஓட்டி விடையை ஒரு கோப்பில் எழுது என்று. கிரானின் நேரத்தை நிர்வாகியே, அப்போதிலிருந்து மூன்று நிமிடம் கழித்து என்று மாற்றி வைத்தார். மூன்று நிமிடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் யூஐடி 0, அதாவது ரூட்டின் எண், என்று இருந்தது. அந்த சர்வர் அப்படியே ஆறு வருடம் ஓடியிருக்கிறது.

ஆகவே ஸ்கிரிப்டை மட்டும் பார்க்காமல், அது இருக்கும் டைரக்டரி, அதற்கு மேலுள்ளது, அதற்கும் மேலுள்ளது என்று உச்சி வரை பாருங்கள். நேம்ஐ என்ற கமாண்டுக்கு எல் ஆப்ஷன் கொடுத்து முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். ரூட் ஓட்டும் ஸ்கிரிப்டுகளை எல்லாம் ரூட்டைத் தவிர யாரும் எழுத முடியாத ஓர் இடத்துக்கு நகர்த்துங்கள். ஸ்கிரிப்ட் வேறொரு கான்ஃபிக் கோப்பை உள்ளிழுக்கிறதா, அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் இதே சோதனையில் வரும்.

கிரானில் இன்னொரு பொறி, டார் பேக்கப். ஆபரேட்டர்கள் கோப்பு போடும் டைரக்டரிக்குள் போய், டார் கமாண்டுக்கு நட்சத்திரக் குறியைக் கொடுத்து எல்லாவற்றையும் சுருட்டுவது நம் ஊர் ஸ்கிரிப்டுகளில் சர்வ சாதாரணம். நட்சத்திரத்தை, கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல், கோப்புப் பெயர்களாக விரித்துத்தான் டாரிடம் கொடுக்கும். ஒருவர் இரண்டு கோடுகளில் தொடங்கி, டாரின் செக்பாயிண்ட் ஆப்ஷன் போலவே எழுத்துக்கு எழுத்துப் பெயர் வைத்து ஒரு வெற்றுக் கோப்பை அங்கே போட்டால், டார் அதைக் கோப்பு என்று எண்ணாது, தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். செக்பாயிண்ட் வரும்போது ஒரு புரோகிராமை ஓட்டச் சொல்லும் வசதி க்னூ டாரில் இருக்கிறது. ரூட் ஓட்டும் பேக்கப்பில் அது ரூட்டாகவே ஓடும். திருத்தம் மிக எளிது: நட்சத்திரத்துக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு பெயரும் புள்ளியில் தொடங்கும், ஆப்ஷனாகத் தெரியாது. அல்லது நட்சத்திரமே இல்லாமல் டைரக்டரியின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது செட்யூஐடி கோப்புகள். யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் புரோகிராம்கள் இவை. உரிமையாளர் ரூட் என்றால் ஓடும் அந்தக் கணம் ரூட். பாஸ்வேர்டு மாற்றும் கமாண்டுக்கு இது தேவை. பிரச்சினை, தேவையில்லாத பலவற்றுக்கும் இது இருப்பது. ஃபைண்ட் கமாண்டில் 4000 என்ற அனுமதி பிட்டைத் தேடச் சொல்லி முழுப் பட்டியலை எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல கோப்புகள் வரும்.

அதில் நான் முதலில் தேடுவது பிகேஎக்ஸெக், வேறொரு யூசராகக் கமாண்டை ஓட்ட உதவும் புரோகிராம். 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் இதிலிருந்த ஒரு பிழையை வெளியிட்டது. பிழைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-4034, பான்கிட் என்று பெயர். எந்த சாதாரண யூசரும், எந்த அனுமதியும் இல்லாமல், சில நொடிகளில் ரூட் ஆகலாம். 2009 மே மாதம் அந்த புரோகிராம் பிறந்த நாளிலிருந்தே பிழை அதில் இருந்திருக்கிறது. ஒரு புரோகிராமை எந்த ஆர்குமெண்டும் இல்லாமல், தன் பெயர்கூட இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பட்டியலின் முடிவைத் தாண்டிப் படித்து, பக்கத்திலிருந்த என்விரான்மெண்ட் வேரியபிளை ஆர்குமெண்ட் என்று எடுத்துக்கொண்டது. வெளியானபோது சென்ட்ஓஎஸ் 6-க்கு ஆதரவு முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஆனால் உங்களுக்கு பேட்ச் தேவையே இல்லை. அந்தக் கோப்பின் செட்யூஐடி பிட்டை எடுத்து 0755 ஆக்கினால் பிழை பயனற்றுப் போகிறது. அன்று குவாலிஸே சொன்ன தற்காலிக வழியும் அதுதான். டெஸ்க்டாப் இல்லாத சர்வரில் பிகேஎக்ஸெக்கை யாரும் தேடப் போவதில்லை.

அதே தாளில் சிஎச்எஃப்என், சிஎச்எஸ்எச், நியூஜிஆர்பி, யூசர்நெட்சிடிஎல், யூசர்ஹெல்பர், ஏட், ஃப்யூஸ்மவுண்ட் எல்லாம் வரும். ஆபரேட்டர்கள் தங்கள் ஷெல்லை மாற்றிக்கொள்ளவோ ஃப்ளாப்பி மவுண்ட் செய்யவோ போவதில்லை என்றால் இவற்றிலிருந்தும் பிட்டை எடுத்துவிடலாம். மவுண்ட், அன்மவுண்ட் இரண்டையும்கூட நான் எடுத்துவிடுவேன். ரூட் மவுண்ட் செய்வதற்கு அந்த பிட் வேண்டாம். விட்டுவைக்க வேண்டியவை: பாஸ்வேர்டு கமாண்ட், யூனிக்ஸ்-செக்பாஸ்வேர்டு, டிபஸ் லாஞ்ச் ஹெல்பர். எடுத்தவற்றின் பெயரை எழுதி வையுங்கள். பேக்கேஜை யாராவது மறுபடி நிறுவினாலோ, பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் மூலம் அனுமதிகளைச் சரிசெய்தாலோ பிட் திரும்பி வந்துவிடும். தினமும் ஒருமுறை பட்டியலை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டு மெயில் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும்.

சூடோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அதை அப்படி ஒரேயடியாக எடுத்துவிட முடியாது. 2021 ஜனவரி 26 அன்று வெளியான சிவிஇ-2021-3156, பேரன் சேமெடிட் என்ற பிழை, சூடோவில் 2011 ஜூலை முதல் இருந்தது. சூடோயர்ஸ் கோப்பில் (யாருக்கு எந்தச் சூடோ அனுமதி என்று எழுதும் இடம்) பெயரே இல்லாத யூசர்கூட இதை வைத்து ரூட் ஆகலாம் என்பதுதான் இதில் பயங்கரம். சென்ட்ஓஎஸ் 6-ன் சூடோ 1.8.6, பாதிப்புள்ள பதிப்புகளின் நடுவில் வருகிறது, இலவச ஆதரவு முடிந்து இரண்டு மாதம் கழித்து வெளியானதால் திருத்தமும் வரவில்லை. 1.9.5பி2 அல்லது அதற்குப் பிந்தைய சூடோவை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து போடுவது ஒரு வழி.

அது கைகூடும்வரை, கைகூடிய பிறகும்கூட, நான் செய்வது வேறொன்று. சூடோவை ஓட்டும் உரிமையையே வீல் குழுவில் இருக்கும் இரண்டு மூன்று நிர்வாகிகளுக்கு மட்டும் வைப்பது. கோப்பின் குழுவை வீல் ஆக்கி, அனுமதியை 4750 ஆக்கினால் மற்றவர்களால் அந்தக் கோப்பை இயக்கவே முடியாது. பிழையிருந்தாலும் அதை எட்டிப்பிடிக்க வழியில்லை. வேறு யூசராக மாறும் எஸ்யூ கமாண்டுக்கும் இதையே செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் குழுவை மாற்றுங்கள், அப்புறம் 4750. மாற்றிச் செய்தால், குழுவை மாற்றும் அந்த நொடியில் லினக்ஸ் செட்யூஐடி பிட்டைத் தானாக அழித்துவிடும். ரூட் செய்தாலும் அழிக்கும். சூடோ "எனக்கு செட்யூஐடி இல்லை" என்று நின்றுவிடும், இரவு பத்து மணிக்கு நீங்கள் சர்வர் அறைக்கு ஓட வேண்டியிருக்கும். இதைச் செய்யும்போது ரூட் ஷெல் ஒன்றைத் தனியாகத் திறந்து வைத்திருங்கள்.

அப்புறம் சூடோயர்ஸ் கோப்பு. ஆபரேட்டர் ஒரு லாக்கைப் படிக்க வேண்டும் என்று லெஸ் கமாண்டை ரூட்டாக ஓட்ட அனுமதித்திருப்பார்கள். லெஸ்ஸின் உள்ளிருந்து ஆச்சரியக்குறி போட்டு ஷெல் திறக்கலாம். அந்த ஷெல் ரூட். விஐ அப்படியே. ஃபைண்ட், டார், ஆக் எல்லாம் வேறு புரோகிராமை ஓட்டத் தெரிந்தவை. சூடோ வரியில் ஆர்குமெண்ட் இடத்தில் நட்சத்திரம் போட்டால் அது சாய்கோட்டையும் இடைவெளியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் நினைத்த ஒரு கோப்போடு நிற்காது. "ரூட் தவிர யாராகவும் ஓட்டலாம்" என்று எழுதியிருந்தால் அதையும் நம்பாதீர்கள்: 1.8.28-க்கு முந்தைய சூடோவில் யூசர் எண்ணாக -1 அல்லது 4294967295 கொடுத்தால் அது ரூட்டாகவே ஓடியது, 2019 அக்டோபரில் வெளிவந்த விஷயம். ஆபரேட்டருக்கு ரூட் வேலை ஒன்று தேவைப்பட்டால், அதை மட்டும் செய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ரூட்டின் இடத்தில் வைத்து, ஆர்குமெண்ட் எதுவும் ஏற்காதபடி சூடோயர்ஸில் எழுதுங்கள். அந்த ஆபரேட்டரையும் சூடோ ஓட்டும் குழுவில் சேர்க்க வேண்டிவரும். அப்படிச் சேர்ப்பவர் இருபதில் ஒருவரோ இருவரோ என்று இருக்கட்டும்.

இந்த இருபது பேருக்கும் ஷெல் எதற்கு? அவர்கள் திறப்பது ஒரே ஒரு மெனு. எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் ஆபரேட்டர் குழுவுக்கு மட்டும் ஃபோர்ஸ்கமாண்ட் போட்டு, லாகின் ஆனதும் அந்த மென்பொருள் மட்டும் ஓடும்படியும், போர்ட் ஃபார்வர்டிங் இல்லாதபடியும் செய்துவிடுங்கள். மெனுவுக்குள் "ரிப்போர்ட் பார்" என்றால் அது லெஸ்ஸைத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மேலே சொன்ன ஆச்சரியக்குறி இங்கேயும் வேலை செய்யும். லெஸ்செக்யூர் என்ற என்விரான்மெண்ட் வேரியபிளை 1 என்று வைத்தால் லெஸ் அந்த வழியை மூடிக்கொள்ளும்.

எஸ்இலினக்ஸ் (எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று கொள்கை வைத்துக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) உங்கள் சர்வரில் அணைந்துதான் இருக்கும், அநேகமாக மென்பொருளை நிறுவியவர்கள் முதல் வேலையாக அதை அணைத்திருப்பார்கள். அதை மீட்க உழைப்பு வேண்டும், ஆனால் பழைய சர்வரில் இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை என்பேன். சென்ட்ஓஎஸ் 6-ன் கொள்கையில் யூசர்_யூ என்றொரு வகை இருக்கிறது. சாதாரண லாகின்களை அதோடு இணைத்துவிட்டால் அந்த யூசரால் எஸ்யூவோ சூடோவோ ஓட்ட முடியாது. செட்யூஐடி புரோகிராம்களிலும் கொள்கை அனுமதித்தவை மட்டுமே ஓடும். நகல் மெஷினில் முதலில் பெர்மிஸிவ் நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்) வைத்து, எல்லாக் கோப்புகளுக்கும் லேபிள் போட விட்டு (டிஸ்க்கின் அளவைப் பொறுத்து நேரமெடுக்கும், பதற வேண்டாம்), ஒரு வாரம் மென்பொருளை ஓட்டி, ஆடிட் லாக்கில் என்னென்ன மறுக்கப்பட்டிருக்கும் என்று வந்திருக்கிறது என்று பாருங்கள். மறுக்கப்பட்டவற்றை அனுமதிக்க ஆடிட்2அலவ் கமாண்ட் எழுதித் தரும் வரிகளைப் படிக்காமல் அப்படியே ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு எஸ்இலினக்ஸ் ஓடுகிறது என்று சொல்வதில் பயனில்லை. ஒரு மாதம் பிடித்தாலும் இதைச் செய்யுங்கள்.

இனி கெர்னல். யூநேம் கமாண்டில் ஆர் கொடுத்துப் பாருங்கள். 2013-ல் நிறுவி அப்டேட் செய்யாமலே விட்டிருந்தால் 2.6.32-431 அல்லது அதற்கும் முந்தையது வரும். சென்ட்ஓஎஸ் 6.10-ல் கெர்னல் 754 வரிசைக்கு வந்துவிட்டது. நடுவில் ஏழு வருடத்துப் பேட்சுகள் இருக்கின்றன, அவை இலவசம், இன்றும் சென்ட்ஓஎஸ்ஸின் வால்ட் எனும் காப்பகத்தில் கிடைக்கின்றன. யம் கான்ஃபிக்கில் பழைய மிரர் முகவரியை மாற்றி வால்ட்டைக் காட்டினால் போதும். "ஆதரவு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிட்டவர்கள், ஏற்கெனவே வந்த பேட்சுகளையே போடாமல் இருப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். கெர்னலை நிறுவினால் மட்டும் போதாது, ரீபூட் செய்ய வேண்டும். யூநேம் காட்டுவது இப்போது ஓடுவதை.

இது ஏன் அவசரம் என்பதற்கு டர்ட்டி கவ் ஒன்றே போதும். சிவிஇ-2016-5195. 2007-ல் வந்த 2.6.22 கெர்னலிலிருந்து இருந்த பிழை, 2016 அக்டோபரில் வெளியானது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில், மெமரி நகலெடுக்கும் இடைவெளியில் இரண்டு த்ரெட்களை மோத விட்டு, எழுத முடிந்தது. பாஸ்வேர்டு கோப்பில் எழுத முடிந்தால் ரூட் ஆவதற்கு வேறென்ன வேண்டும்? முதலில் பரவிய எக்ஸ்ப்ளாய்ட், புரோக் ஃபைல்சிஸ்டத்தில் உள்ள மெம் கோப்பின் வழியாக எழுதியது. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட்ஹாட்டின் 5, 6 பதிப்புகளில் அந்தக் கோப்பில் எழுத முடியாது என்பதால் அது அவற்றில் ஓடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு "நம்ம சர்வருக்கு ஒன்றுமில்லை" என்று சிலர் விட்டுவிட்டார்கள். பிடிரேஸ் வழியாக அதே பிழையைத் தொடும் வேறு எக்ஸ்ப்ளாய்ட்கள் பின்னாலேயே வந்தன, அவை ஓடின. எக்ஸ்ப்ளாய்ட் தோற்றது என்பதை நம்பாமல் பதிப்பு எண்ணைப் பாருங்கள்: 2.6.32-642.6.2-ல்தான் இது சரிசெய்யப்பட்டது.

எல்லாப் பிழையும் பழைய கெர்னலைப் பாதிக்காது என்பதும் உண்மை. 2022-ல் பெரிதாகப் பேசப்பட்ட டர்ட்டி பைப், 5.8 முதலான கெர்னல்களுக்கானது. உங்களுடையதில் அந்த நிரலே இல்லை. செய்தியைப் பார்த்ததும் பதறாமல் எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று முதலில் தேடுங்கள்.

754 வரிசைக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளுக்கு என்ன செய்வது? கெர்னலில் யூசர் தொடக்கூடிய பரப்பைக் குறைப்பதுதான் வழி. உதாரணத்துக்கு டிசிசிபி என்ற நெட்வொர்க் புரோட்டகால். உங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் ஒரு சாதாரண யூசர் அந்த வகை சாக்கெட்டைக் கேட்டாலே கெர்னல் அதற்கான மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் துண்டு) தானாக ஏற்றிக் கொடுக்கும். 2017 பிப்ரவரியில் அதில் ரூட் வரை போகும் பிழை ஒன்று வெளியானது, 2005-லிருந்து அங்கேயே கிடந்தது. எஸ்சிடிபி, ஆர்டிஎஸ், டிப்க் ஆகியவையும் இதே ரகம். மாட்ப்ரோப் கான்ஃபிக்கில் இந்த நான்கையும் ஏற்றக் கேட்டால் ஏற்றாமல் ஃபால்ஸ் கமாண்டை ஓட்டித் தோல்வி என்று திருப்பும்படி இன்ஸ்டால் வரி எழுதுங்கள். பிளாக்லிஸ்ட் என்ற வரி மட்டும் போதாது. பெயர் சொல்லி ஏற்றுவதையும், வேறொரு மாட்யூலுக்குத் துணையாக ஏற்றுவதையும் அது தடுக்காது. இன்னும் இறுக்க வேண்டுமா, சர்வர் முழுதாக எழுந்து, பிரிண்டர், பேக்கப் டிஸ்க் எல்லாவற்றுக்குமான மாட்யூல்கள் ஏறிய பிறகு, மாட்யூல்ஸ்-டிஸேபிள்ட் என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள். அதன்பிறகு அடுத்த ரீபூட் வரை ரூட்டாலும் புதிய மாட்யூல் ஏற்ற முடியாது.

டிஎம்பி, வார் டிஎம்பி, ஷேர்டு மெமரி, ஹோம் ஆகியவற்றை நோசூயிட் (செட்யூஐடி அங்கே செல்லாது), நோடெவ் (டிவைஸ் கோப்பு அங்கே செல்லாது) ஆப்ஷன்களோடு மவுண்ட் செய்யுங்கள். புரோகிராம்களை நேரடியாக ஓட்ட விடாத நோஎக்ஸெக்கும் சேர்க்கலாம், ஆனால் பெர்ல், பைத்தான் ஸ்கிரிப்டுகளை அது நிறுத்தாது. என்எஃப்எஸ் பகிர்வு இருந்தால் நோ-ரூட்-ஸ்குவாஷ் (வெளி மெஷினின் ரூட்டை இங்கும் ரூட்டாகவே ஏற்கும் ஆப்ஷன்) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்: இன்னொரு மெஷினில் ரூட்டாக இருப்பவர் அந்தப் பகிர்வில் செட்யூஐடி கோப்பு ஒன்றை வைத்துவிட்டு, உங்கள் சர்வரில் சாதாரண யூசராக அதை ஓட்டினால் முடிந்தது.

பாஸ்வேர்டு விஷயம் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் எல்லா எக்ஸ்ப்ளாய்ட்டையும்விட எளிதான ஏணி அது. மென்பொருளின் கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் மைஎஸ்க்யூஎல் பாஸ்வேர்டும் சர்வரின் ரூட் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்த இடங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பழைய நிர்வாகி, பாஸ்வேர்டு ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பை ஹோம் டைரக்டரியில் நகலெடுத்து வைத்து, அனைவரும் படிக்கும் அனுமதியோடு விட்டுப்போன இடமும் உண்டு. பாஷ் ஹிஸ்டரி கோப்புகளில் பாஸ்வேர்டோடு அடித்த கமாண்டுகளைத் தேடுங்கள். டிஸ்க் என்ற குழுவில் யாராவது இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் இருப்பவர் டிஸ்க்கை நேராகப் படித்து எந்தக் கோப்பையும் எடுக்கலாம், அது ரூட்டுக்குச் சமம்.

இவ்வளவு செய்த பிறகும், ஒருவர் ரூட் ஆகிவிட்டார் என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்யுங்கள். சர்வரைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) வையுங்கள், ஆபரேட்டர் கணினிகளிலிருந்து எஸ்எஸ்எச் மட்டும் உள்ளே வரட்டும், சர்வரிலிருந்து இணையத்துக்கு எதுவும் போக வேண்டாம். லாக்குகள் ஆர்சிஸ்லாக் வழியாக இன்னொரு மெஷினுக்கு உடனுக்குடன் போகட்டும். ரூட் ஆனவர் முதலில் அழிப்பது லாக்கைத்தான். நடப்பதைப் பதிவு செய்யும் ஆடிட்-டி சர்வீஸில், லாகின் செய்தவர் சாதாரண யூசராக இருந்தும் ரூட் அதிகாரத்தில் ஒரு புரோகிராம் ஓடினால் பதிவு செய் என்று ஒரு விதி எழுதுங்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் விதிகளில் யூசர் எண் 1000 முதல் என்று இருக்கும். அது சென்ட்ஓஎஸ் 7 முதலான கணக்கு. உங்கள் 6-ல் சாதாரண யூசர்களின் எண் 500-லிருந்து தொடங்குகிறது. அப்படியே நகலெடுத்துப் போட்டால் உங்கள் இருபது ஆபரேட்டர்களில் ஒருவர்கூட அந்த விதியில் சிக்கமாட்டார், லாக் அமைதியாக இருக்கும், நீங்களும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். 500 என்று மாற்றுங்கள், 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அதே அலுவலகத்தில் எடைமேடைக்கோ பார்கோடுக்கோ ஒரு விண்டோஸ் 7 இருந்தால், அதிலும் மேலே சொன்ன கிரான் கதைதான் வேறு வேஷத்தில் இருக்கும். பழைய மென்பொருள்கள் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் போகாமல் சி டிரைவின் நேர் கீழே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். அப்படி உருவாகும் ஃபோல்டரில் லாகின் செய்த எவரும் கோப்பை மாற்றலாம் என்பதுதான் விண்டோஸின் இயல்பு அனுமதி. அங்கிருந்து ஒரு சர்வீஸ் லோக்கல்சிஸ்டமாக (விண்டோஸில் ரூட் போன்ற கணக்கு) ஓடினால், அதன் எக்ஸி கோப்பை மாற்றி வைத்துவிட்டு ரீபூட் ஆகும்வரை காத்திருந்தால் போதும். ஃபோல்டரின் அனுமதியைச் சரிசெய்யுங்கள், பிரிண்டர் இல்லாத மெஷினில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள்.

கடைசியாக, அந்தச் செட்யூஐடி தாளுக்குத் திரும்புகிறேன். பிட்டை எடுக்கத் தொடங்கும் முன்பே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோப்பும் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று ஆர்பிஎம்மிடம் கேளுங்கள். மென்பொருள் நிறுவியவர்கள் வைத்த ஒன்றிரண்டு எந்தப் பேக்கேஜிலும் வராமல் இருக்கலாம், அவற்றை விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் வார் டிஎம்பியிலோ, யாருடைய ஹோமிலோ, புள்ளியில் தொடங்கும் பெயரோடு, பாஷ் ஷெல் கோப்பின் அதே அளவில் ஒரு செட்யூஐடி கோப்பு இருந்தால், யாரோ ஏற்கெனவே ஒருமுறை ரூட் ஆகி, திரும்பி வர ஒரு கதவைத் திறந்து வைத்துப் போயிருக்கிறார்கள். அதை அழிக்காதீர்கள், மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், டிஸ்க்கை அப்படியே நகலெடுங்கள், கோப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய பேக்கப் ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பின் தேதியை மாற்றவும் முடியும் என்பதால், இன்னும் பழைய பேக்கப் ஒன்றையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.